ஜீப்புக்கு டர்போ மாட்டிய மாசி

ஒன்பது வருடம் நான் டர்போ செய்தேன். அதில் ஒன்றுகூட வண்டியில் ஏறி ஓடி நான் பார்த்ததில்லை.

மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த கையோடு சென்னைக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. எங்கள் செட்டில் ஐந்து பெண்கள். தென்காசியிலிருந்து ஐந்து பேரும் ஒரே பஸ்ஸில் கிளம்பினோம். மற்ற நால்வரும் வேறு வேறு லைனுக்குப் போக, என்னை மட்டும் சமன் பார்க்கிற மெஷினில் நிறுத்தினார்கள்.

டர்போ பார்ப்பதற்கு இரண்டு நத்தை ஓடுகளை முதுகோடு முதுகு சேர்த்து வைத்த மாதிரி இருக்கும். ஒரு ஓட்டுக்குள் எஞ்சினிலிருந்து வெளியே போகிற புகை பாய்ந்து ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றும். அதே தண்டின் மறுமுனையில், அடுத்த ஓட்டுக்குள் இருக்கிற சக்கரமும் சேர்ந்து சுற்றி, வெளிக்காற்றை அள்ளி எஞ்சினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் கூடுதல் டீசல் எரியும், பலம் கூடும். அவ்வளவுதான் சங்கதி. ஆனால் உள்ளங்கைக்குள் அடங்குகிற அந்தச் சக்கரம் நிமிடத்துக்கு லட்சம் சுற்றுவரை போகிற சாமான். ஒரு பக்கம் துளி எடை கூடியிருந்தாலும் தண்டைத் தின்றுவிடும். எடை கூடின இடத்தை மெஷின் காட்டும். நான் அங்கே கொஞ்சம் சுரண்டி எடுப்பேன். சுரண்டி முடித்ததைத் தட்டில் வைத்தால் அடுத்த ஆள் எடுத்துக்கொண்டு போவார். அது எந்த வண்டிக்குப் போனது, எந்த ரோட்டில் ஓடியது என்பதெல்லாம் எனக்குத் தெரியாது.

மகள் பிறந்ததும் வேலையை விட்டுவிட்டுத் தென்காசிக்கு வந்தேன். என் கணவருக்குக் குற்றாலம் போகிற ரோட்டில் லேத் பட்டறை. டிராக்டர் புஷ், பம்ப்செட் தண்டு, அரிசி மில் உருளை என்று வருகிற வேலையெல்லாம் செய்வார். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு நானும் பட்டறைக்குப் போனேன். அளவெடுப்பதும் வரைந்து கொடுப்பதும் என் வேலை. நான் கையில் வெர்னியரோடு நிற்பதைப் பார்த்த பிறகும், வருகிறவர்கள் "அண்ணாச்சி இல்லையா?" என்றுதான் கேட்பார்கள். முதலில் கோபம் வந்தது. பிறகு பழகிவிட்டது. பழகிவிட்டதே என்பதுதான் எனக்குள் உறுத்திக்கொண்டிருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மாசி மாதம். அருவியில் தண்ணீர் இல்லாத காலம். குற்றாலம் ரோட்டில் சிப்ஸ் கடைகளில் பாதி சாத்திக் கிடந்தன. வடகரையிலிருந்து ஒரு அண்ணாச்சி பட்டறைக்கு வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். மேக்கரைக்கு மேலே மலையில் இருக்கிற ஒரு கிராம்புத் தோட்டத்துக்கு ஜீப் ஓட்டுகிறவர். ஜீப்பும் அவருடையதுதான். கிராம்பு பறிக்கிற பெண்கள் காலையில் பஸ்ஸில் அடிவாரம்வரை வருவார்கள். தோட்டத்து கேட்டிலிருந்து அவர்களையும் ஏணிகளையும் மேலே ஏற்றிக்கொண்டு போய், சாயங்காலம் மூட்டைகளோடு கீழே கொண்டுவந்து விடுவது அவர் பிழைப்பு.

அந்தப் பாதையின் நடுவில் ஒரு மேடு. சரளையும் உருண்டைக் கல்லுமாக நிமிர்ந்து நிற்கும். மெதுவாகப் போனால் சக்கரம் பிடிமானம் இல்லாமல் நின்ற இடத்திலேயே சுற்றும். இரண்டாவது கியரில் ஒரே மூச்சில் ஏறிவிட வேண்டும். ஆள் நிறைந்த வண்டியை அப்படி ஏற்ற அவருடைய எஞ்சினுக்குத் திராணி இல்லை. அதனால் பெண்கள் மேட்டடியில் இறங்கி, ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே ஏறுவார்கள். அந்த இடத்துக்கு அவர்கள் வைத்த பெயரே எறங்கு மேடு.

அண்ணாச்சி வந்ததற்கு முந்தின வாரம், நேரமாகிவிட்டதே என்று யாரையும் இறக்காமல் ஏற்றிப் பார்த்திருக்கிறார். முக்கால் மேட்டில் எஞ்சின் நின்றுபோனது. பிரேக் பிடித்தும் நிற்காமல் ஜீப் சரளையில் பின்னாலேயே வழுக்கி வந்து ஒரு பாறையில் முட்டி நின்றது. பயந்துபோய்க் குதித்த ஒரு அக்காவுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. அதற்குப் பிறகு பெண்கள் யாரும் அந்த ஜீப்பில் ஏறவில்லை. கேட்டிலிருந்தே நடந்தார்கள். தோட்டத்துக்காரர் வேறு ஜீப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டார்.

"தம்பி, கியர்ப் பல்லை மாத்தி வெட்டித் தர முடியுமா? இன்னும் கொஞ்சம் இழுவை கெடச்சா போதும்," என்று என் கணவரிடம் கேட்டார்.

"அது நம்ம லேத்துல ஆவாது அண்ணாச்சி. இழுவை கூடுனா வேகம் கொறஞ்சிரும். நீங்க சொல்லுத எடத்துக்கு ரெண்டும்லா வேணும்."

நான் மேசையில் இருந்தபடியே கேட்டேன். "அண்ணாச்சி, எஞ்சின்ல டர்போ இருக்கா?"

அவர் என் பக்கம் திரும்பாமல் கணவரிடமே பதில் சொன்னார். "பழைய எஞ்சின். அதெல்லாம் கெடையாது."

"எண்ணெ குடிக்குதா?"

இப்போதுதான் திரும்பினார். "எஞ்சின் வேலை பாத்து ரெண்டு வருசம்தான் ஆச்சு. ஒரு சொட்டு குடிக்காது. எதுக்குக் கேக்குதிய?"

"அப்பம் அதுக்கு ஒரு டர்போ போட்டுருவோம்."

யோசித்துச் சொன்ன வார்த்தை இல்லை. வாயிலிருந்து வந்துவிட்டது. கணவர் லேத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அண்ணாச்சி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "நாளைக்கு வாரேன்," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அவர் போன பிறகு கணவர் மெதுவாகத்தான் கேட்டார். "ஏட்டி, நீ செஞ்சது கம்பெனியில. அங்கன எல்லாத்துக்கும் ஒரு மெஷின் இருந்துச்சு. இங்கன என்ன இருக்கு?"

"நீங்க இருக்கீயல்லா."

அவர் சிரிக்கவில்லை. "ஆள் ஏறுத வண்டி. வெளையாட்டு இல்ல."

அது எனக்கும் தெரியும். அன்று முழுக்க ஒரு நோட்டில் வரைந்துகொண்டே இருந்தேன். புகை வெளியே வருகிற குழாயை எங்கே வெட்டுவது, டர்போவை எந்தப் பக்கம் உட்காரவைப்பது, அதற்கு எண்ணெய் எங்கிருந்து எடுப்பது, எடுத்த எண்ணெய் எப்படித் திரும்பிப் போவது. ஒன்பது வருடம் ஒரு சக்கரத்தை மட்டும் பார்த்த எனக்கு, அந்தச் சக்கரத்தைச் சுற்றி இவ்வளவு இருக்கிறதே என்று மலைப்பாகத்தான் இருந்தது. மறுநாள் அண்ணாச்சி வந்தபோது இரண்டு நிபந்தனை சொன்னேன். இந்த வண்டி இனிமேல் தோட்டத்துப் பாதையைத் தவிர வேறெங்கும் ஓடக்கூடாது. எஞ்சினில் இப்படி மாற்றம் செய்த வண்டியை ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் ரோட்டில் ஓட்டுவது தப்பு. இரண்டாவது, டீசல் பம்பில் டீசலின் அளவைக் கூட்டிக் குறைக்கிற ஸ்குருவை என்னைத் தவிர யாரும் தொடக்கூடாது.

"கொள்ளாம், நல்லது," என்றார் அண்ணாச்சி. செங்கோட்டைப் பக்கத்து ஆட்களின் பேச்சில் அப்படி ஒன்றிரண்டு மலையாளம் கலந்து வரும். "வேற ஜீப் வாங்க என்னால ஆவாது. நீங்க சொல்லுதபடி செய்யுதேன்."

டர்போ தேடி மதுரைக்குப் போனோம். பழைய சாமான் கடையில் உடைந்த வண்டிகளிலிருந்து கழற்றிய டர்போக்கள் குவிந்து கிடந்தன. எங்களுக்கு வேண்டியது சின்னது. பெரியதாக இருந்தால் எஞ்சின் வேகம் பிடித்த பிறகுதான் காற்று வரும். மேட்டுக்கு அது உதவாது. நான் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து, தண்டின் முனையை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். ஆட்டம் கூடியதை ஒதுக்கினேன். சக்கரத்தின் ஓரத்தில் நகத்தை ஓட்டி, கீறல் இருந்ததை ஒதுக்கினேன்.

"என்னண்ணே, உங்க வீட்ல நகை பாக்குற மாதிரி பாக்குறாங்க," என்று கடைக்காரர் கணவரிடம் சொன்னார்.

ஏழாவதாக எடுத்ததில் விரல் நின்றது. தண்டு ஆடவில்லை. சக்கரம் தொட்டதும் சுற்றியது. திருப்பிப் பார்த்தால், சக்கரத்தின் நட்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சுரண்டல். சமன் பார்க்கிற மெஷினில் நின்ற ஒரு ஆள் எடுத்த சுரண்டல். எங்கள் தொழிற்சாலையில் வந்ததுதானா என்று தகட்டைத் துடைத்துப் பார்த்தேன். எழுத்து அழிந்து போயிருந்தது. யாரோ ஒருவர் கருத்தாகச் செய்திருக்கிறார். அது போதும் என்று எடுத்துக்கொண்டேன்.

ஜீப்பைப் பட்டறைக்குக் கொண்டுவராமல், அடிவாரத்தில் தோட்டத்துக்குச் சொந்தமான ஒரு தகரக் கொட்டகையில் நிறுத்தி வேலை செய்தோம். இரும்பு வேலை பட்டறையில், மாட்டுகிற வேலை அங்கே. மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு நானும் அவரும் பைக்கில் போவோம். எஞ்சின் புகைக்குழாயை வெட்டி, அதில் டர்போ உட்காருவதற்குத் தடித்த இரும்பில் ஒரு பட்டை செய்தார். நான் காகிதத்தில் வெட்டிக் கொடுத்த அச்சுக்கு மயிரிழை பிசகாமல் அறுத்திருந்தார். எட்டு நாள் ஆனது. கணவருடைய பழைய பேண்ட்டைப் போட்டுக்கொண்டு நான் ஜீப்புக்கு அடியில் படுத்திருப்பேன். நடந்து மலையேறப் போகிற பெண்கள் கொட்டகையைத் தாண்டும்போது குனிந்து பார்ப்பார்கள். ஒருநாள், "யாருட்டி அது, பொம்பளையா?" என்று ஒரு குரல் கேட்டது. பதிலுக்கு நான் காலை மட்டும் ஆட்டினேன். மேலே சிரிப்புச் சத்தம் கேட்டது.

ஒன்பதாம் நாள் எஞ்சினை ஸ்டார்ட் செய்தோம். அண்ணாச்சி ஆக்சிலேட்டரை மிதித்தார். எஞ்சினின் கரகரப்புக்கு அடியிலிருந்து மெல்லிசாக ஒரு விசில் கிளம்பி, ஏறி, இறங்கியது. நான் கணவரைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார்.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பின்னால் குழாயிலிருந்து நீலப் புகை வர ஆரம்பித்தது. முதலில் நூலாக, பிறகு கொட்டகை முழுக்க. எண்ணெய் எரிகிற நாற்றம். எஞ்சினை நிறுத்தச் சொன்னேன்.

"ஒரு சொட்டு எண்ணெ குடிக்காத எஞ்சின்," என்றார் அண்ணாச்சி. அவர் சத்தம் போடவில்லை. அதனால் கூடுதலாக வலித்தது. "இப்பம் என்ன செய்யுதது?"

"மூணு நாள் குடுங்க அண்ணாச்சி."

"தோட்டத்துல திங்கக்கெழமை வரைக்கும்தான் பொறுப்போம்னு சொல்லிருக்காவ."

டர்போவைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுவந்து முழுசாகப் பிரித்தேன். தண்டு நன்றாக இருந்தது. பேரிங் நன்றாக இருந்தது. எண்ணெய் கசிய விடாத வளையமும் நன்றாக இருந்தது. எல்லாம் நன்றாக இருந்தால் எண்ணெய் எப்படிப் புகைக்குள் போகும். இரண்டு நாள் அதே யோசனை. சோறு வடிக்கும்போதும் அதே யோசனை. கணவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

கடைசியில் சோறு வடிக்கிற இடத்தில்தான் புத்தி வந்தது. கஞ்சி இறங்க வேண்டுமென்றால் பானையைச் சரிக்க வேண்டும், கீழே ஏந்துகிற சட்டியில் இடமும் இருக்க வேண்டும். டர்போவுக்குள் எண்ணெய் எஞ்சினின் அழுத்தத்தில் பாய்ந்து வரும். திரும்பிப் போகும்போது அதற்குத் தள்ளுகிற ஆள் கிடையாது. தானாக வடிந்துதான் எஞ்சினின் அடித்தட்டுக்குப் போக வேண்டும். நான் அடித்தட்டில் துளை போடச் சொல்லிக் குறித்த இடம், எண்ணெய் நிற்கிற மட்டத்துக்குக் கீழே இருந்தது. குழாயும் ஒல்லி. வடிய வழியில்லாத எண்ணெய் டர்போவுக்குள்ளேயே தேங்கி, புகைப்பக்கம் ஒழுகியிருக்கிறது.

அடுப்பை அணைத்துவிட்டுப் பட்டறைக்கு ஓடினேன். "நான் குறிச்ச எடம் தப்பு," என்று கணவரிடம் சொன்னேன். "ஓட்டை மேல இருக்கணும். எண்ணெ மட்டத்துக்கு மேல. குழாயும் இதைவிட ரெண்டு பங்கு தடிமன் வேணும்."

அவர் நோட்டை வாங்கிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "எடம் சரியான்னு கேக்காமத்தான நானும் துளை போட்டேன்," என்றார். அவர் பேரிலும் பாதியை ஏற்றுக்கொண்டதாக அதற்கு அர்த்தம். பழைய துளையைப் பற்றவைத்து அடைத்து, மேலே புதிதாகத் துளை போட்டு, தடித்த குழாயைச் சரிவாக இறக்கினோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மறுபடி ஸ்டார்ட் செய்தோம். பத்து நிமிடம், இருபது நிமிடம், அரை மணி நேரம். புகைக்குழாயின் வாயில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். அதில் எண்ணெய் படியவில்லை.

அன்று சாயங்காலமே மணல் மூட்டைகளைப் பெண்களின் எடைக்கு அடுக்கிக்கொண்டு, அண்ணாச்சியும் நானும் மேட்டுக்குப் போனோம். டாஷ்போர்டில் காற்று அழுத்தம் காட்டுகிற சின்ன மீட்டர் ஒன்று வைத்திருந்தேன். டர்போ இல்லாமல் பிறந்த எஞ்சின் என்பதால், முள் பாதிக்கு மேல் போகாதபடி குறைவாகவே திணிக்க வைத்திருந்தேன்.

"மேட்டுக்கு முன்னாலயே ஆக்சிலேட்டரை மிதிச்சிரணும் அண்ணாச்சி. விசில் கேட்ட பொறவு ஏத்துங்க. நடுவுல காலை எடுக்கக் கூடாது."

"எடுத்தா?"

"காத்து வர மறுபடியும் ரெண்டு நொடி ஆவும். அந்த ரெண்டு நொடிதான் உங்களைப் பின்னால தள்ளும்."

அவர் முகம் துடைத்துக்கொண்டார். அந்த மேட்டில் பின்னால் வழுக்கின ஆள். எனக்கும் பயம்தான். ஆனால் விசில் கேட்டதும் அவர் காலை எடுக்கவில்லை. கல் தெறிக்கிற சத்தம், மூட்டை உருள்கிற சத்தம், அதற்கு மேலே அந்த விசில். நான் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்ததால் மேடு முடிந்ததைக் கவனிக்கவில்லை. வண்டி சமதளத்துக்கு வந்து நின்ற பிறகுதான் நிமிர்ந்தேன். அண்ணாச்சி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"இன்னொரு தடவை போவோமா?" என்றார். நான்கு தடவை போனோம்.

மணல் மூட்டை பேசாது. திங்கட்கிழமை காலையில் கேட்டில் பெண்கள் நின்றார்கள். பதினோரு பேர். கணுக்கால் பிசகின அக்காதான் அவர்களுக்குத் தலைவி மாதிரி. காலில் இன்னும் துணி சுற்றியிருந்தார். யாரும் ஜீப்பின் பக்கம் வரவில்லை.

"அண்ணாச்சி நேத்து மூட்டையை ஏத்திக் காட்டுனாருன்னு சொல்லுதாவ," என்றார் அந்த அக்கா. "மூட்டைக்குக் காலா ஒடியப் போவுது?"

அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "அடியில படுத்துக் கெடந்தது நீதான?"

"ஆமாக்கா."

"நீ ஏறுதியா? முன்னால இல்ல. பின்னால, கடைசியில, எங்ககூட. நீ ஏறுனா நான் ஏறுதேன்."

கணவர் என் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தார். நான் அதற்குள் பின்பக்கம் ஏறி, கதவு ஓரமாகக் கடைசி இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். வழுக்கினால் முதலில் பாறையைப் பார்க்கப்போகிற இடம் அது. அக்கா என் தோளைப் பிடித்து ஏறி எனக்கு எதிரே உட்கார்ந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக ஏறினார்கள். கணவர் முன்னால் அண்ணாச்சி பக்கத்தில் ஏறிக்கொண்டார். மேலே ஏணிகளைக் கட்டினார்கள்.

அந்தப் பத்து நிமிடத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு ஒரு தடவை நிமிரும். மேட்டடி வந்ததும் பேச்சு நின்றது. யாரோ சாமி பெயரை முணுமுணுத்தார்கள். விசில் எழும்பியது. வண்டி மூக்கைத் தூக்கியது. நாங்கள் எல்லோரும் பின்பக்கமாகச் சரிந்தோம். என் வரிசைப் பெண்களின் பாரமெல்லாம் என் மேல்தான். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். எஞ்சின் எந்த இடத்திலும் திணறவில்லை. ஒரே குரலில் போய்க்கொண்டே இருந்தது. அந்தக் குரலில் ஒரு நூல் என்னுடையது என்று எனக்குத் தெரிந்தது. ஒன்பது வருடம் தட்டில் வைத்து அனுப்பினவை எல்லாம் எங்கேயோ இப்படித்தான் யாரையாவது மேலே ஏற்றிக்கொண்டிருக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண் கலங்கியது. சரளைத் தூசி என்று வைத்துக்கொண்டேன்.

சமதளம் வந்தது. அக்கா கையை விட்டார். "நடந்திருந்தா இந்நேரம் பாதிதான் வந்திருப்போம்," என்றார். எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

மேலே போய்ச் சேர்ந்ததும் பானெட்டைத் திறந்து காட்டச் சொன்னார்கள். திறந்து காட்டினேன். "இது எஞ்சின் விடுத மூச்சு. இது எஞ்சின் வாங்குத மூச்சு. விடுத மூச்சே வாங்குத மூச்சைத் தள்ளிவிடுது," என்று சொன்னேன். ஒரு சின்ன வயதுப் பெண், "அப்பம் கழிவைத்தான் பலமாக்கிருக்கு," என்றாள். இதைவிடச் சரியாக எங்கள் தொழிற்சாலையில்கூட யாரும் சொன்னதில்லை. தோட்டத்து மேலாளர் பின்னால் வந்து நின்று என் கணவரிடம் ஏதோ கேட்டார். "நான் இரும்பு வெட்டிக் குடுத்தேன், அவ்வளவுதான். மத்தது எனக்குத் தெரியாது. அவகிட்ட கேளுங்க," என்றார் அவர். மேலாளர் என்னிடம் வந்தார். எண்ணெய் எத்தனை நாளைக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும் என்று கேட்டார். சொன்னேன். பேனா எடுத்துக் கையிலேயே எழுதிக்கொண்டார்.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மூன்று வாரம் கழித்து அண்ணாச்சி போன் செய்தார். ஜீப் மேட்டில் கறுப்பாகப் புகைவிடுகிறது, தண்ணீர் கொதிக்கிறது, உங்கள் டர்போ போய்விட்டது போல என்றார். கொட்டகைக்குப் போய்ப் பார்த்தேன். டர்போவை நான் தொடவே இல்லை. நேராக டீசல் பம்பைப் பார்த்தேன். அதில் இருக்கிற ஸ்குருவின் மேல் நான் ஒரு கோடு சிவப்புப் பெயின்ட் போட்டு வைத்திருந்தேன். கோடு உடைந்து, பாதி ஒரு பக்கமும் பாதி இன்னொரு பக்கமும் நின்றது.

"அண்ணாச்சி, இதை யார் திருப்புனது?"

"அது ஒண்ணுமில்ல. தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தன் வந்தான். கொஞ்சம் தெறந்துவிட்டா இன்னும் பறக்கும்னு சொன்னான். சாரமில்ல, பரவாயில்லன்னு விட்டேன்."

என் கணவர் என் கையைத் தொட்டார். வயதில் மூத்தவர், பொறுத்துப் பேசு என்று அர்த்தம். எனக்கும் மரியாதை தெரியும். ஆனால் அந்த ஜீப்பின் கடைசி இடத்தில் நான் உட்கார்ந்து போயிருக்கிறேன்.

"இதுல பதினோரு பொம்பளைய ஏறுதாவ. காத்துக்கு மேல டீசல் போனா சூடு எங்கன போவும்? பிஸ்டன் உருகிரும். மேட்டு நடுவுல உருகுனா என்ன ஆவும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம்."

அவர் குனிந்து அந்த உடைந்த கோட்டைப் பார்த்தார்.

"பறக்கதுக்கு நான் டர்போ போடல. நிக்காம ஏறதுக்குப் போட்டேன். இன்னொரு தடவை இந்தப் பெயின்ட் ஒடஞ்சிருந்தா, நானே கழத்திக் கொண்டு போயிருவேன்."

அண்ணாச்சி வாளியில் கிடந்த ஸ்பேனரை எடுத்துத் துடைத்து என்னிடம் நீட்டினார். "தப்புதான் தாயி. இருந்த எடத்துல வச்சிருங்க," என்றார். ஸ்குருவைப் பழைய இடத்துக்குத் திருப்பி, மறுபடி பெயின்ட் போட்டேன். கணவரும் நானும் பைக்கில் திரும்பினோம். இலஞ்சி தாண்டும்போது, "நான்னா அப்பிடிச் சொல்லிருக்க மாட்டேன்," என்றார். பிறகு, "சொல்லிருக்கணும்," என்றார்.

பறிப்புக் காலம் முடிந்து, வைகாசிக் கடைசியில் சாரல் விழ ஆரம்பித்தது. மலையில் வேலை இல்லாததால் ஜீப் கொட்டகையிலேயே நின்றது. ஒரு நாள் நானாகத்தான் போனேன். யாரும் கூப்பிடவில்லை. ஒரு பருவம் முழுக்க மேடேறின டர்போ உள்ளே எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும். தொழிற்சாலையில் நாங்கள் அனுப்பினது ஒன்றுகூட ஓடி முடித்துத் திரும்பி எங்கள் கைக்கு வந்ததில்லை.

தகரத்தில் சாரல் சரசரத்துக்கொண்டிருந்தது. அண்ணாச்சி பிளாஸ்கில் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். டர்போவின் இரண்டு ஓடுகளையும் கழற்றினேன். புகைப்பக்கத்துச் சக்கரத்தில் சாம்பல் நிறத்தில் மெல்லிய படிவு, துடைத்தால் போய்விட்டது. காற்றுப்பக்கத்துச் சக்கரத்தின் இலைகள் ஒன்றுகூட மடங்கவில்லை, ஓரம் கூராகவே இருந்தது. தண்டை இரண்டு விரலால் பிடித்து ஆட்டினேன். ஆடவில்லை. எண்ணெய் வடிகிற குழாயை விளக்கு அடித்துப் பார்த்தேன். உள்ளே எண்ணெய் தேங்கின அடையாளமே இல்லை.

"என்ன சொல்லுது?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"நல்லாருக்கு அண்ணாச்சி. அடுத்த பறிப்புக்கும் ஓடும்."

"உங்களுக்குச் சந்தோசந்தான?"

ஆமாம் என்றேன். சொன்ன பிறகு அது எவ்வளவு பெரிய ஆமாம் என்று எனக்கே தெரிந்தது. டீயைக் குடித்துவிட்டு, புது வாஷர் வைத்து, ஒவ்வொரு நட்டாக முடுக்கினேன்.